பச்சைச் சூரியன் சொன்ன சேதி

1883 செப்டம்பர் இரண்டாம் வாரம். சென்னையில் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாகவே மறைந்தது. கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிக்கி ஸ்மித், நிறமாலைக் கருவியால் அந்த ஒளியை ஆராய்ந்தார். காரணம் உடனே விளங்கவில்லை.

இரண்டு வாரம் முன்பு, ஆகஸ்ட் 27 அன்று, சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே கிராக்கட்டோவா எரிமலை வெடித்திருந்தது. அதன் தூசு மேற்கே கிளம்பி, ஏறக்குறைய 13 நாளில் உலகையே சுற்றி வந்துவிட்டது. 1888-இல் லண்டன் ராயல் சொசைட்டி அந்தப் பாதையை வரைந்து காட்டியது. கணக்குப் போட்டால் மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல்! எந்தக் கருவியும் எட்டாத உயரத்தில் வீசிய கீழைக்காற்றைத் தூசுதான் காட்டிக்கொடுத்தது.

இன்று காற்றின் போக்கை அறிய எரிமலை வெடிக்க வேண்டியதில்லை. மீனம்பாக்கத்திலிருந்து தினமும் காலையும் மாலையும் வானிலை பலூன் ஏறுகிறது. அந்தத் தூசு போன உயரத்துக்குக் கீழே, 14, 15 கிலோமீட்டரில், தென்மேற்குப் பருவ மாதங்களில் இன்னொரு கீழைக்காற்று விரைகிறது. கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவதால் பிறக்கும் இந்த ஜெட் காற்றை 1958-இல் உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். உலகின் பல பாதைகளில் எதிர்க்காற்று மேற்கே போகும் விமானத்தை இழுத்துப் பிடிக்கும். ஆடியில் சென்னையிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்துக்கோ இந்தக் கீழைக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.

பருவம் மாறினால் வட இந்திய வானில் திசையும் மாறும். 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவில் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்தது. மேலைக்காற்று அந்தச் சாம்பலை அரபிக்கடல் தாண்டி மறுநாளே இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஜெட் எஞ்சினுக்குள் சாம்பல் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஏர் இந்தியா சில விமானங்களை நிறுத்திச் சோதித்தது. ரத்தானவற்றில் சென்னை–மும்பை விமானமும் ஒன்று. 1883-இல் தூசு வந்த பிறகுதான் அதன் பாதை விளங்கியது. இன்று சாம்பலுக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. அந்த முன்னறிவிப்பில் மீனம்பாக்கத்தைப் போல உலகெங்கும் ஏறும் பலூன்களுக்கும் பங்குண்டு.

கடற்காற்று பிந்தும் ஓர் ஆடி மாலையில் மயிலாப்பூர் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். கொடியில் காயும் புடவை கிழக்கே பறக்கும். தொலைவில் எழும் இடிமேகத்தின் தலை மேற்கே நீண்டிருக்கும்.