கம்பியைத் தொட்டா கப்சிப்!

ராஜபாளையத்தில் ஒரு மொட்டை மாடி ரூம். நண்பன் எலெக்ட்ரிக் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினதும் 'ங்ங்ங்...'னு ஒரே இரைச்சல். கம்பியில கை வெச்சா கப்சிப்! ''பாத்தியா மச்சி, என் உடம்புதான் எர்த்து!''னு அவன் அலட்ட, ட்ரிபிள்-இ படிக்கிற எனக்கு சிரிப்பு தாங்கல.

மேட்டர் தலைகீழ் பாஸ். சுத்தியிருக்கிற ஒயர், ட்யூப்லைட் இரைச்சலை எல்லாம் ஆன்டெனா மாதிரி வாங்கி பிக்கப்புக்குத் தர்றதே நம்ம உடம்புதான். பிரிட்ஜுக்கு அடியில கிளம்புற ஒரு குட்டி ஒயர், வால்யூம் பாட் முதுகைத் தொட்டு, ஜாக், கேபிள், ஆம்ப் வழியா த்ரீ-பின் ப்ளக்கோட பெரிய பின்னுக்குப் போகுது. கம்பிதான் நம்மளை எர்த் பண்ணுது!

அந்தப் பெரிய பின்னை ஒடிச்சுட்டு சொருகுற புண்ணியவான்கள் உண்டே... ஆம்ப்ல லீக் ஆனா, அதே ஒயர்ல 230 வோல்ட் கம்பிக்கே வந்துடும். 1972 மே 3-ல், ஸ்வான்சீ மேடையில் 'ஸ்டோன் த க்ரோஸ்' கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, சரியா எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976-ல் 'யார்ட்பேர்ட்ஸ்' கீத் ரெல்ஃப், வீட்டில் வாசிக்கும்போதே!

ஆடிப்பூர சீஸனில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு ஒரு மேடை. பால்கோவா வாங்குறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டரை எடுத்தேன். பிரிட்ஜுக்கும் ஜாக்குக்கும் 'பீப்'... ஓகே. கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே? 94 வோல்ட்! எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிரிச்சா, உள்ளே ரெண்டே ஒயர். எலெக்ட்ரீஷியன் அண்ணன் முணுமுணுத்துக்கிட்டே மூணாவதை இழுத்ததும், ஒரு வோல்ட்கூட இல்லை.

''இன்னொரு வாட்டி அளந்துடேன் மச்சி''ங்கிறான் நம்ம ஆளு, மைக்குக்கு ரெண்டடி தள்ளி நின்னு!