பாலாற்று வழக்கு

பாலாறு கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர நிலத்தின் ஊடே சென்று, தமிழகம் புகுந்து, வயலூருக்கு அருகே வங்கக் கடலிற் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வாறு வெறும் மணற்பரப்பாகவே காட்சி தரும். ஆயினும், மணலின் கீழ் ஊறும் நீர் பன்னெடுங்காலமாகக் கரையோரக் கிணறுகளை நிரப்பி வந்தது. நெல்லும் தென்னையும் அந்நீரால் வளர்ந்தன. ஊரார் குடித்ததும் அந்நீரே.

இவ்வாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விசாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. முற்காலத்தில் ஆவாரம்பட்டை முதலியவற்றின் சாற்றைக் கொண்டு தோலைப் பதப்படுத்தினர். பின்னர்க் குரோமிய உப்பைக் கொண்டு விரைவிற் பதனிடும் முறை பரவிற்று. இம்முறையில் சுண்ணாம்பு, உப்பு, கந்தக அமிலம் முதலாக ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகின்றது. அங்ஙனம் செலவான கழிவுநீர் தூய்மை செய்யப்படாமலே ஆற்றிலும் வாய்க்காலிலும் வயல்களிலும் விடப்பட்டது. கிணற்று நீர் நிறம் மாறி உவர்த்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்தது.

நிலத்தை இழந்த உழவர் ஒருவர் தனியே நீதிமன்றம் செல்லக் கருதினால் அவர் நிலை யாதாகும்? வழக்கிற்குப் பொருள் வேண்டும். அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான ஆலைகளுள் எந்த ஆலையின் கழிவு தம் கிணற்றைக் கெடுத்தது என்று அவர் எவ்வாறு மெய்ப்பிப்பார்? ஆலைகளில் உழைத்துப் பிழைத்தோரும் அவருடைய ஊராரே ஆதலின், வாய் திறக்கவும் அவர் தயங்குவார்.

மனுநீதிச் சோழன் கதையில், கன்றை இழந்த பசு தானே வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. ஊறு பட்டவரே முறையிட வேண்டும் என்பதே நம் நாட்டு நீதிமன்றங்களிலும் நெடுங்காலம் பொதுவிதியாக இருந்தது. 1970-களின் இறுதி முதல், வி. ஆர். கிருஷ்ணய்யர், பி. என். பகவதி முதலிய நீதிபதிகள் இவ்விதியைத் தளர்த்தினர். வறுமையாலோ அறியாமையாலோ வழக்காட இயலாதவர்பொருட்டு, பொதுநலம் கருதும் பிறரும் மணியின் கயிற்றைப் பற்றலாம் என்றாயிற்று. இதுவே பொதுநல வழக்கு எனப்படும்.

இவ்வழியே, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அடிப்படை உரிமைக்கு ஊறு நேருமாயின் அந்நீதிமன்றத்தை நேரே அணுகலாம் என்று அரசியலமைப்பின் 32-ஆம் உறுப்பு கூறுகின்றது. மன்றத்தின் சார்பில் வழக்கறிஞர் எம். சி. மேத்தா வாதிட்டார். குல்தீப் சிங் முதலிய மூன்று நீதிபதிகள் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வழங்கினர்.

தோல் தொழில் நாட்டிற்கு அயல்நாட்டுச் செலாவணியையும் பலருக்கு வேலையையும் தருவதை நீதிபதிகள் மறுத்திலர். ஆயினும், நீரையும் நிலத்தையும் அழித்து வாழும் உரிமை எத்தொழிற்கும் இல்லை என்றனர். இரு நெறிகளை அவர்கள் நாட்டின் சட்டமாக ஏற்றனர். கேடு வரும் என்னும் அச்சம் உள்ளபோதே அதனைத் தடுத்தல் வேண்டும் என்பது முதல் நெறி. மாசு செய்தவரே இழப்பீடு தந்து, கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இரண்டாம் நெறி. தம் செயலால் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துவோர்க்கே உரியதாயிற்று. உழவரின் தோளில் இருந்த பெருஞ்சுமை இதனால் இடம் மாறிற்று.

ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்துமாறும், அவ்வாண்டு நவம்பர் 30-க்குள் பொதுவாகவோ தனியாகவோ கழிவுநீர்த் தூய்மை நிலையம் அமைக்குமாறும் ஆணை பிறந்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையமும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை ஆயமும் அமைக்கப் பணிக்கப்பட்டன.

எனினும், ஏட்டில் எழுதிய தீர்ப்பு உடனே கிணற்று நீரை இனிதாக்கிவிடவில்லை. ஆணையம் 2001-இல் இழப்பீட்டை வரையறுத்த பின்னரும் மாசு நீங்கவில்லை, வழக்குகளும் தொடர்ந்தன. 2025 சனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. எஞ்சிய இழப்பீட்டை அரசு ஆறு வாரங்களுக்குள் மக்களுக்கு வழங்கி, பின்னர் மாசு செய்தவரிடம் அதனைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. முதல் முறையீட்டிற்கும் இவ்வாணைக்கும் இடையே முப்பத்துமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. அன்று நிலமிழந்தோருள் பலர் முதுமை எய்தினர்.

ஆகவே, உரிமை சட்டத்தில் இருப்பது மட்டும் போதாது. அதனை அறிதல் வேண்டும். தனித்து நில்லாது கூடிக் கேட்டல் வேண்டும். தீர்ப்பு வந்தபின்னும் அது நிறைவேறுகின்றதா என்று கண்விழித்துக் காத்தல் வேண்டும். பாலாற்று மக்கள் முதலிரண்டையும் செய்தனர். மூன்றாவது இன்னும் முடியாத பணி. அது வளரும் தலைமுறைக்கும் உரியதாகும்.