எந்தப் பதிப்பானில் நிரல் எழுதுவது?

கணிப்பொறியியல் வகுப்பில் சேரும் மாணவர் முதல் வாரத்திலேயே வினவும் வினா ஒன்றுண்டு: "எந்த மென்பொருளில் நிரல் எழுதலாம்?" மூத்த மாணவர் எதனைக் கையாளுகின்றாரோ, பெரும்பாலும் அதனையே இவரும் கைக்கொள்கின்றார். சிறியதாகத் தோன்றும் இத்தெரிவு, கற்கும் பாடத்தையே மாற்றிவிட வல்லது.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நிரலின் வரிகளைத் தட்டச்சிட்டுக் கோப்பாகச் சேமிக்கும் கருவி எடிட்டர். அதனைப் பதிப்பான் என்போம். அவ்வரிகளைப் பொறி அறியும் மொழிக்கு மாற்றுவது கம்பைலர். இயக்கத்தின்போது பிழையைத் தேட உதவுவது டீபக்கர். இவற்றை ஒரே கூரையின்கீழ்த் தருவது ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழல். அதில் ஒரு விசையை அழுத்தினால் விடை வந்துவிடும். வசதி பெரிதே, ஆயினும் இடையே நிகழ்ந்தவை கண்ணுக்குப் புலனாவதில்லை.

நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் நெடுங்காலம் ஆட்சி செலுத்திய டர்போ சி-யைச் சான்றாகக் கொள்வோம். போர்லாண்ட் நிறுவனம் டாஸ் இயங்குதளத்திற்கென 1987-இல் அதனை வெளியிட்டது. குறைந்த நினைவகத்தில் விரைந்து இயங்கிய அரிய கருவி அது. அதன் நீலத்திரையில் கண்ட்ரோல் விசையுடன் எஃப்9 அழுத்திப் பழகிய கைகள் எத்தனை! ஆனால் அதில் 'இன்ட்' வகை மாறிக்கு இரண்டே பைட்டு இடம். 32767-க்கு மேற்பட்ட எண் அதில் அடங்காது. 8-இன் தொடர்பெருக்கம் 40320. டர்போ சி-யிலோ அம்மாறி -25216 என்று காட்டும். அதே நிரலை இன்றைய ஜி.சி.சி. கம்பைலரிலிட்டால் நான்கு பைட்டு இடம் கிடைப்பதால் சரியான விடை வரும். 13-இன் தொடர்பெருக்கத்தில்தான் அதுவும் தடுமாறும். ஒன்றில் மட்டுமே பழகியவர், கருவியின் எல்லையை மொழியின் எல்லையென மயங்குகின்றார்.

நாமறிந்த மாணவர் ஒருவர் வேலைக்கான தேர்வில் லினக்ஸ் கணிப்பொறியின்முன் அமர்த்தப்பட்டார். அவரது நிரலின் தருக்கம் பிழையற்றது. முதல் வரியிலேயே 'கோனியோ' தலைப்புக்கோப்பை அழைத்திருந்தார். டர்போ சி-யில் திரையைத் துடைக்க உதவும் அக்கோப்பு ஆங்கில்லை. அவ்வொரு வரியை நீக்கினால் போதும் என்பதை உணராமல், பிழைச்செய்தியைப் பார்த்தவாறே நேரத்தைக் கழித்துத் திரும்பினார். அறிவுக்குறை அவரிடமில்லை, பழக்கிய முறையே குறை என்போம்.

ஆதலின் முதற்பருவத்தில் எளிய பதிப்பான் ஒன்றையும், கட்டளை வரியில் கம்பைலரைத் தாமே அழைக்கும் முறையையும் பரிந்துரைக்கின்றோம். கோப்பு எங்குள்ளது, பிழை எவ்வரியில் எழுந்தது என்பன அப்போது கைவசப்படும். பல கோப்புகளைக் கொண்ட பெருந்திட்டம் வருங்கால் ஒருங்கிணைந்த சூழலுக்குச் செல்லலாம்; ஜாவா போன்ற மொழியில் அது பேருதவி.

'வி' பதிப்பானைக் கற்றேயாக வேண்டுமா எனச் சிலர் கேட்பர். பில் ஜாய் 1976-இல் படைத்த அதில் எச், ஜே, கே, எல் விசைகளே சுட்டியை நகர்த்தும். அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகள் அவ்விசைகளின்மேல் அச்சிடப்பட்டிருந்தமையே காரணம். தொலைவிலுள்ள யூனிக்ஸ் கணிப்பொறியில் பெரும்பாலும் கிடைப்பது அதுவே என்பதால், திறந்து, திருத்தி, சேமித்து, வெளியேறும் அளவுக்கேனும் அறிந்திருத்தல் நன்று. வெளியேறத் தெரியாமல் கணிப்பொறியையே நிறுத்தியவர்களை நாம் கண்டிருக்கின்றோம்!

தமிழ்த்துறையினர்க்கு மற்றொரு சோதனையும் உண்டு. 'தமிழ்' என்பது நம் கணக்கில் மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடுகள், யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டு. சொல்லடைவு தயாரிக்க நிரல் எழுதுவோர் 'கொ' என்று தட்டச்சிட்டுச் சுட்டியை நகர்த்திப் பார்த்தல் வேண்டும். ஓரெழுத்து ஒரு கட்டம் என அமைந்த திரையில் சில பதிப்பான்கள் கொம்பையும் காலையும் பிரித்துப்போடும். அத்தகையதில் தமிழ்த்தரவைத் திருத்துவது கண்ணுக்கும் கருத்துக்கும் துன்பம்.

கருவிக்கும் ஆயுள் உண்டு. பலர் விரும்பிய ஆட்டம் என்னும் பதிப்பானின் பணி 2022 டிசம்பர் 15-இல் முடித்துவைக்கப்பட்டது. அதில் எழுதியவர்களின் நிரல்கள் வெற்று உரைக்கோப்புகளாகவே இருந்தமையால், மறுநாள் வேறொரு பதிப்பானில் அப்படியே திறந்தன.