கம்ப்யூட்டருக்குள் ஒன்றேகால் கிலோ!

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டர் திரையில்தான் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து கணக்கெல்லாம் போடுவது 'பிராசசர்'. அதன் உள்ளே இருக்கும் சிப், கட்டைவிரல் நகத்தளவுதான். ஆனால் வேலை செய்யும்போது பயங்கரமாகச் சூடாகும். 2004-ல் வந்த ஒருவகை பென்டியம் 4 பிராசசர் 100 வாட்டுக்கும் மேல் வெப்பத்தைக் கக்கியது. எரிகிற 100 வாட் குண்டு பல்பைத் தொட்டால் கை சுட்டுவிடும் அல்லவா? அத்தனை சூடும் ஒரு நகத்தளவு இடத்தில் என்றால்!

இந்தச் சூட்டை இறக்கத்தான் பிராசசரின் தலைமேல் 'கூலர்' பொருத்துகிறார்கள்.

குரங்கணிக்கு மேலே மலையில், ஏலக்காய் உலர்த்தும் பழைய 'ஸ்டோர்' பார்த்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். அடுப்பு ஓரிடத்தில் எரியும். அங்கிருந்து தகரக் குழாய் அறைக்குள் நெடுக ஓடும். குழாயின் பரப்பு அதிகமாக இருந்தால்தான் சூடு அறைக் காற்றில் நன்றாகப் பரவும். கூலரிலும் இதே கதைதான். சிப்பின் சூட்டைச் செம்புக் குழாய்கள் எடுத்துப் போகும். அடுக்கடுக்கான மெல்லிய அலுமினியத் தகடுகள் அதைக் காற்றுக்குக் கொடுக்கும். ஃபேன் அந்தக் காற்றைத் தள்ளிவிடும். செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது! உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டதால், அந்தத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். தகடுகள் இருக்கும் பக்கம் போய்க் குளிர்ந்து, மீண்டும் தண்ணீராகித் திரும்பி வரும்.

"அப்படியானால் தகடுகளைக் கூட்டிக்கொண்டே போகலாமே, சார்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2014-ல் அப்படி ஒன்றைக் கொண்டு வந்தது. இரண்டு ஃபேன்களோடு 1320 கிராம்! உயரம் 165 மில்லிமீட்டர். தகடுகளின் பரப்பு அதிகம் என்பதால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் குறைவு.

ஆனால் ஒரு சங்கடம். நிமிர்ந்து நிற்கும் கேபினெட்டுக்குள் மதர்போர்டு சுவர் போலச் செங்குத்தாக இருக்கும். கூலர் அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கிலோ சர்க்கரைப் பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எடை அதேதான், கைதான் வலிக்கிறது. மதர்போர்டுக்கும் இதே வலிதான். அதனால்தான் போர்டின் பின்னால் உறுதியான தகடு ஒன்றை வைத்துத் திருகுகிறார்கள்.

தென்கொரியாவின் ஜால்மன் நிறுவனம் ஒரே வடிவத்தில் இரண்டு கூலர்களை விற்றது. முழுவதும் செம்பில் செய்தது 773 கிராம். செம்பும் அலுமினியமும் சேர்ந்தது 445 கிராம். செம்பு, அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். எடையோ மூன்று மடங்குக்கும் மேல்! அந்நாளில் பென்டியம் 4-க்கு இன்டெல் வகுத்த எடை வரம்பு 450 கிராம். என்னைக் கேட்டால், 445 கிராம் கூலரைச் செய்தவர்தான் கெட்டிக்காரர்.

சரி, போடியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, குரங்கணி வழியாக மலைமேல் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். பள்ளத்துக்குப் பள்ளம் ஜீப் குலுங்கும்போது, அந்த ஒன்றேகால் கிலோ மதர்போர்டைப் பிடித்து இழுக்கும். போர்டு விரிசல் விட்டால், போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் வெறும் இருட்டுத் திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், மலைமேல் அவ்வளவு பெரிய கூலர் தேவைப்படுவதும் இல்லை. ஃபேன் வைத்த கூலர் எவ்வளவு பெரிதானாலும், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக பிராசசரை ஆக்க முடியாது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் காற்றின் சூடு சுமார் 6 டிகிரி குறையும். டாப் ஸ்டேஷன் சுமார் 1700 மீட்டர் உயரம். அங்கே காற்று கொஞ்சம் மெலிந்திருப்பதால் ஃபேனின் பலன் சற்றுக் குறையும்தான். ஆனாலும் பெரும்பாலும் குளிர்ச்சிதான் ஜெயிக்கும்.

கனமான கூலர்தான் வேண்டுமென்றால் அதைக் கழற்றித் தனியாகக் கொண்டு போவது நல்லது. முடியாவிட்டால், மதர்போர்டு அடியில் வரும்படி கேபினெட்டைப் படுக்க வையுங்கள். கூலர் கோபுரம் போல நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் தொங்காது. கீழே ஒரு பழைய மெத்தையைப் போட மறக்காதீர்கள்!