கணிதத் தனிப்பயிற்சி

கணிதத் தனிப்பயிற்சி என்பது கணக்குகளைச் செய்வதில் இடர்ப்படும் மாணவர் ஒருவர், பள்ளி வகுப்புக்கு வெளியே ஆசிரியரிடமிருந்தோ மூத்த மாணவரிடமிருந்தோ பெறும் உதவி ஆகும். பேச்சு வழக்கில் இது டியூசன் எனப்படுகின்றது. தமிழ்நாட்டில் கீழ்வகுப்புகளின் இயற்கணிதம் தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்பின் நுண்கணிதம் வரை இவ்வுதவியை நாடுவோர் பலர். சென்னையின் மேற்கே, பூந்தமல்லி செல்லும் சாலையில் உள்ள போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் போன்ற புறநகர்க் குடியிருப்புகளில், வீட்டின் முன்னறையிலோ மாடியிலோ மாலை வேளைகளில் நடைபெறும் சிறு வகுப்புகளே இதன் வழக்கமான வடிவம்.

தேவைக்கான காரணம்

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டு 200க்குக் கணக்கிடப்படும் தரவரிசையில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மதிப்பெண்கள் பகுக்கப்படுகின்றன. ஆகவே கணிதத்தில் ஒரு மதிப்பெண் குறைவது, மற்ற இரண்டில் ஒன்றில் இரண்டு மதிப்பெண்கள் குறைவதற்குச் சமம். பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த மாணவரும் பதினொன்றாம் வகுப்பில் திடீரெனத் தடுமாறுவதால், பெற்றோர் அவ்வாண்டிலேயே தனிப்பயிற்சியைத் தேடுகின்றனர்.

மாணவர் தடுமாறும் இடம்

நுண்கணிதம் கடினம் என்பது பொதுவான கருத்து. எனினும் நுண்கணிதக் கணக்கில் மாணவர் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இயற்கணிதத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, க என்னும் மாறி 3ஐ நெருங்கும்போது (க² − 9) / (க − 3) என்பதன் எல்லை யாது எனக் கேட்கப்பட்டால், நேரடியாக 3ஐப் பிரதியிடுபவருக்கு 0/0 என்று வரும். பலர் விடை சுழியம் என்று எழுதிவிடுகின்றனர். மேலுள்ளதை (க − 3)(க + 3) எனக் காரணிப்படுத்தினால், (க − 3) நீங்கி (க + 3) எஞ்சும். எல்லை 6 ஆகும். இதில் நுண்கணிதத்துக்கு உரிய கருத்து ஒன்றே ஒன்றுதான்: க 3ஐ நெருங்குகின்றதே தவிர 3 ஆவதில்லை, எனவே (க − 3)ஆல் வகுக்கலாம். மற்றவை கீழ்வகுப்பில் கற்ற காரணிப்படுத்தலே.

1 / (க² − 1) என்பதைத் தொகையிடுவதும் இத்தகையதே. இதனை 1/(க − 1), 1/(க + 1) ஆகியவற்றின் வித்தியாசத்தில் பாதி எனப் பகுதிப் பின்னங்களாகப் பிரிக்கத் தெரிந்தால் விடை மடக்கையாக எளிதில் வந்துவிடும். பிரிக்கத் தெரியாதவர் தொகையீட்டு வாய்பாடுகளை எத்தனை முறை மனனம் செய்தாலும் பயன் சிறிதே. √(9 + 16) என்பதை 3 + 4 = 7 என எழுதும் பிழையும் பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் வரை தொடரக்கூடியது (சரியான விடை 5). ஆகையால் திறமையான பயிற்றுநர் முழுக் கணக்கையும் செய்துகாட்டுவதற்கு முன், மாணவர் எழுதிய வரிகளைப் பார்த்து, எந்த வரியில் வழி தவறியது என்று கண்டறிவார். முழு விடையையும் அச்சிட்டுத் தரும் வழிகாட்டி நூல்களால் இதைச் செய்ய இயலாது.

வரலாறு

கணித மேதை சீனிவாச இராமானுசனின் வாழ்வு இத்துறையோடு இரு வகையில் தொடர்புடையது. 1903ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் அவர் கைக்குக் கிடைத்த, ஏறத்தாழ 5000 தேற்றங்களைக் கொண்ட நூலைத் தொகுத்த கார் என்பவர், இங்கிலாந்தில் கேம்பிரிட்சு கணிதத் தேர்வுக்கு மாணவரைப் பயிற்றுவித்த தனிப்பயிற்சி ஆசிரியர். பின்னர் வேலையின்றிச் சென்னையில் இருந்தபோது, மாநிலக் கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வுப் பயிற்சி அளித்து இராமானுசனும் சிறிது பொருள் ஈட்டினார்.

1907இல் வி. இராமசுவாமி ஐயரின் முயற்சியால் தோன்றிய இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்கள் கணக்குகளைக் கேட்கவும் விடை அனுப்பவும் ஒரு பகுதி இருந்தது. 1911இல் இராமானுசன் அதில் பின்வருவதன் மதிப்பைக் கேட்டார்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

ஆறு மாதங்கள், மூன்று இதழ்கள் கடந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. விடை 3. இதன் அடிப்படை, மேலே கண்ட அதே இருபடி வித்தியாசமே: 9 = 1 + 2×4, 16 = 1 + 3×5, 25 = 1 + 4×6. முதல் வரியில் உள்ள 4ஐ √16 என்றும், அடுத்த வரியின் 5ஐ √25 என்றும் எழுதிக்கொண்டே சென்றால் தொடர் உருவாகும். முடிவின்றித் தொடரும்போது மதிப்பு 3ஐயே அடைகின்றது என நிறுவுவதற்கு மட்டும் எல்லை பற்றிய கருத்து தேவை.

அமைப்புகளும் அரசு முயற்சிகளும்

1965இல் தொடங்கப்பட்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் சென்னையிலிருந்து இயங்குகின்றது. மாணவர்க்கான கணித இதழையும் திறனறிப் போட்டிகளையும் அது நடத்திவந்துள்ளது. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றிய பி. கே. சீனிவாசன் (1924–2005) செயல்வழிக் கணிதத்தைப் பரப்பியவர். 1993இல் இராயபுரத்தில் அமைந்த இராமானுசன் அருங்காட்சியகத்தை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு அவருடையது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர்கள் தனிப்பயிற்சி அளிப்பதைத் தடை செய்கின்றது. 2019 ஆகத்து 26 அன்று தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கட்டணமின்றிப் பாடங்களைப் பார்க்க முடிந்தாலும், மாணவர் தம் ஐயத்தைத் திரும்பக் கேட்க அதில் வழியில்லை. தன்னார்வலர்களைக் கொண்டு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கென்றே தொடங்கப்பட்டது. எனவே கட்டணம் செலுத்த இயலாத பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு நேரில் கிடைக்கும் உதவி, பெரும்பாலும் பள்ளி ஆசிரியரையும் மூத்த மாணவரையுமே சார்ந்துள்ளது.

கலைச்சொற்கள்

தமிழ்நாட்டில் இயற்கணிதம், முக்கோணவியல் எனப்படுபவை இலங்கையில் முறையே அட்சரகணிதம், திரிகோணகணிதம் எனப்படுகின்றன. நுண்கணிதம் என்ற சொல் இரு நாடுகளுக்கும் பொதுவானது.