ஒரு முறை சொன்னால் போதும்!

சர்க்கார் அலுவலகங்களுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்: அதே பெயர், அதே விலாசம், அதே பிறந்த தேதி. இவற்றை ஒவ்வோர் இலாகாவுக்கும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் இலாகா அறிந்த விவரத்தை அடுத்த இலாகா அறியாது!

இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்ட நாடு ஒன்று உண்டு. அதுதான் எஸ்டோனியா. பால்டிக் கடலோரத்தில் உள்ள சின்னஞ்சிறு நாடு. ஜனத்தொகை சுமார் 13 லட்சந்தான்.

குவிக்கவில்லை, இணைத்தார்கள்

1991-ல் எஸ்டோனியா மீண்டும் சுதந்திரம் பெற்றது. கஜானாவில் பணம் குறைவு. இலாகாக்கள் தனித்தனியே கம்ப்யூட்டர் பதிவேடுகள் வைத்திருந்தன. ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியவில்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துவிடலாமா? செலவு அதிகம்; ஆபத்தும் அதிகம். ஒரு பூட்டு உடைந்தால் எல்லோருடைய இரகசியமும் போய்விடுமே!

ஆகவே, பதிவேடுகளை அவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அவற்றுக்கிடையே பாதை மட்டும் போட்டார்கள். 2001-ல் திறக்கப்பட்ட அந்தப் பாதைக்கு 'எக்ஸ்-ரோடு' என்று பெயர். ஒவ்வோர் இலாகாவின் வாசலிலும் ஒரு காவல் கம்ப்யூட்டர் நிற்கிறது. கேட்கும் இலாகா எது, அதற்கு அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே விவரத்தைச் சங்கேத மொழியில் அனுப்புகிறது. அனுப்பிய நேரமும் பதிவாகிறது.

ஒரே விவரத்தைச் சேகரிக்க இரண்டு பதிவேடுகள் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

குழந்தை பிறந்தால்…

பெற்றோருக்குச் சர்க்கார் உதவித்தொகை உண்டு. முன்பு அதற்கு மனுப் போட வேண்டும். 2019 முதல் அந்த வேலை குறைந்தது. பிறப்பு ஜனத்தொகைப் பதிவேட்டில் ஏறியதும், உதவி இலாகா தானே அறிந்து தகவல் அனுப்புகிறது. பெற்றோர் சம்மதம் சொன்னால் போதும்.

2017-ல் பக்கத்து நாடான பின்லாந்தும் எஸ்டோனியாவும் சேர்ந்து, இந்தப் பாதையை வளர்க்க ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தன.

எட்டிப் பார்த்தது யார்?

இலாகாக்கள் இப்படிப் பேசிக்கொண்டால், நம் சொந்த விஷயம் கண்டவர் கையில் சிக்காதா? நியாயமான கேள்விதான். அதே 2017-ல் அடையாள அட்டைகளில் ஒரு குறை தெரிய வந்தது. சுமார் 7,60,000 அட்டைகளின் மின்னணு உபயோகத்தைச் சர்க்கார் நிறுத்தி வைத்துப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

தம் விவரத்தை எந்த இலாகா, எப்போது பார்த்தது என்பதைப் பல பதிவேடுகளில் பிரஜையே வீட்டிலிருந்து பார்க்கலாம். காரணமின்றிப் பார்க்கும் அதிகாரி தண்டனைக்கு ஆளாவார்.

பதிவேடுகளை இணைக்க விரும்பும் எந்த நாடும் இந்த ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிட வேண்டும். சர்க்கார் பிரஜையைப் பார்க்கிறது. பார்த்ததைப் பிரஜையும் பார்க்க முடிந்தால்தான் அவர் துணிந்து விவரம் கொடுப்பார்.