ஊர்ப் பெயர்களின் சாட்சியம்

யுத்த நாவல்களில் வீரனுடைய காயத்தைக் கண்டு கண்ணீர் சிந்தும் வாசகர்கள் பலர், அக்காயம் எந்த மண்ணில் பட்டது என்பதை ஊன்றிக் கவனிப்பதில்லை. அமெரிக்க ஆசிரியர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1929-ம் வருஷத்தில் வெளியிட்ட 'ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' என்னும் நாவலை அவ்விதம் படிப்போர் அதில் பாதியை இழந்தவராவர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியரின் வழிவந்தோருக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை.

கதை நிகழும் களம் முதல் உலக யுத்தகாலத்து இஸான்ஸோ நதிக்கரை. 1915 ஜூன் தொடங்கி 1917 செப்டம்பருக்குள் ஆஸ்திரியரை எதிர்த்து அங்கே 11 முறை படையெடுத்தது இத்தாலி. அந்தச் சேனையின் ஆம்புலன்ஸ் பகுதியில் உத்தியோகம் வகிக்கும் அமெரிக்கனே கதாநாயகன் ஹென்றி. அவன் காயமுறுவது வாளேந்திப் பாயும்போது அன்று. பதுங்கு குழியில் பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருக்கையில் குண்டு விழுகிறது. பதக்கத்துக்குச் சிபார்சு செய்ய விரும்பும் நண்பன், என்ன வீரச்செயல் புரிந்தாய் என்று துருவிக் கேட்கிறான். இவனிடம் சொல்ல ஒன்றுமில்லை.

வீரம், மானம், தியாகம் ஆகிய சொற்களைக் கேட்கவே தனக்குக் கூசுகிறதென்றும், ஊர்களின் பெயர்கள், நதிகளின் பெயர்கள், தேதிகள் இவற்றுக்கே கௌரவம் மிஞ்சியிருக்கிறதென்றும் பின்னர் ஹென்றி எண்ணுகிறான். தேசத்தின் பெயரால் மேடையிலும் பத்திரிகையிலும் நாள்தோறும் பேசுகிற நமக்கு இப்பகுதி இனிக்காது. இனிக்க வேண்டியதுமில்லை. தியாகம் என்ற சொல்லை நாம் கைவிடுவதற்கில்லை. ஆயினும் எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை பேர் என்று சொல்லத் துணியாதவன் வாயில் அச்சொல் கள்ள நாணயமே.

1917 அக்டோபர் 24-ந் தேதி கபோரெட்டோவில் இத்தாலியரின் அணி உடைந்தது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். கொட்டும் மழையில், சேறு நிறைந்த சாலையில், சேனை பின்வாங்குகிறது. தாலியமெந்தோ நதியின் பாலத்தருகே ராணுவப் போலீஸார், படையைப் பிரிந்து வந்த அதிகாரிகளைப் பிடித்துச் சுடுகின்றனர். குற்றச்சாட்டே தீர்ப்பு, சாட்சி இல்லை, வக்கீல் இல்லை, அப்பீலும் இல்லை. நீதிஸ்தலங்களில் பழகியவர்கள் இப்பக்கங்களை மனங்கொதிக்காமல் படிக்க முடியாது. ஹென்றி ஆற்றில் குதித்துத் தப்புகிறான். ஆசிரியரோ இந்தப் பின்வாங்கலை நேரில் கண்டவரல்லர். அவர் இத்தாலிக்கு வந்ததே 1918-ல்; அவ்வருஷம் ஜூலை 8-ந் தேதி பியாவே நதிக்கரையில் காயமுற்றபோது அவருக்கு வயது 18. காணாத சாலையைக் கண்டவர்போல் எழுதியதில்தான் அவருடைய திறமை விளங்குகிறது.

சமவெளி மரணத்தையும் மலை சாந்தியையும் குறிப்பதாகச் சொல்லும் விமர்சகர் உண்டு. அது முழு உண்மையன்று. ஹென்றியும் காதலி காதரினும் இரவெல்லாம் ஏரியில் படகு வலித்து ஸ்விட்ஸர்லாந்து சேர்ந்து, மலைச்சரிவில் பனிக்காலத்தைச் சுகமாகக் கழிக்கின்றனர். பனி உருகி மழை தொடங்கியதும் லோஸான் நகருக்கு இறங்குகின்றனர். யுத்தமே எட்டாத அந்நகரின் ஆஸ்பத்திரியில் பிரசவத்தில் மாண்டு போகிறாள் காதரின்.

முஸோலினியின் அரசாங்கம் இந்நூலைத் தடுத்து வைத்தது. அந்த ஆட்சி வீழ்ந்த பின்னரே இத்தாலியில் இது பகிரங்கமாக வெளிவந்தது. கபோரெட்டோ என்ற ஒரு பெயரைக் கேட்கச் சகியாத தேசபக்தி என்ன தேசபக்தியோ!

யுத்தத்துக்கு முன் அவ்வூர் ஆஸ்திரியருடையது. பின்னர் இத்தாலி வசமாயிற்று. 1947-ல் யுகோஸ்லாவியாவைச் சேர்ந்தது. 1991 முதல் அது ஸ்லொவேனியாவில் இருக்கிறது. அங்கே அதன் பெயர் கொபாரித்.